வலையின் மிதவையும் ரூபாவின் மிதப்பும்

அரியாலைக் கரையில் நின்று யாழ்ப்பாணக் கடனீரேரியைப் பார்த்தால், வலை விரித்த இடத்தில் மிதவைகள் மட்டும் வரிசையாகத் தெரியும். வலை நீருக்குள் இருக்கும். அதன் கீழ்க்கயிற்றில் ஈயம், மேற்கயிற்றில் மிதவை. ஒன்று கீழே இழுக்க, மற்றது மேலே இழுக்க, நடுவே வலை சுவர்போல நிமிர்ந்து நிற்கிறது.

மிதவைக்கு இந்தப் பலத்தைக் கொடுப்பது நீர்தான். ஒரு பொருள் இடம்பெயர்த்த நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு நீர் அதை மேலே தள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீசின் மேலுதைப்பு இதுவே. ஒரு லீற்றர் நீரின் எடை 1 கிலோ. ஆகவே ஒரு லீற்றர் கொள்ளளவும் 100 கிராம் எடையும் உள்ள மிதவை, ஏறக்குறைய 900 கிராம் சுமையைத் தாங்கும். உப்புநீரில் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். சுமை ஏறினால் மிதவை கொஞ்சம் அமிழ்ந்து, கூடுதல் நீரை இடம்பெயர்த்து, புதிய மட்டத்தில் நிற்கும்.

ஆங்கிலத்தில் இதற்குச் சொல் ‘ஃப்ளோட்’. நாணயத்துக்கும் அதே சொல்தான்; தமிழிலும் ‘ரூபாவை மிதக்கவிட்டார்கள்’ என்கிறோம். ஏற்றுமதி, வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணம், சுற்றுலா ஆகியவை கொண்டுவரும் டொலர்கள் ரூபாவுக்கு மேலுதைப்பு. எரிபொருளும் மருந்தும் கோதுமையும் வாங்கச் செல்லும் டொலர்கள் சுமை. இரண்டும் சமப்படும் மட்டமே நாணயமாற்று வீதம். அந்த மட்டத்துக்கு மேலே ரூபாவைப் பிடித்துவைக்க வேண்டுமானால், மத்திய வங்கி தன் கையிருப்பு டொலரை விற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

இலங்கை 2001 ஜனவரியில் ரூபாவை மிதக்கவிட்டது. ஆனால் 2021இன் பிற்பகுதியில் டொலர் 200 ரூபாவை ஒட்டியே பிடித்துவைக்கப்பட்டிருந்தது. 2019 இறுதியில் 760 கோடி டொலர் அளவில் இருந்த கையிருப்பு, 2022 மார்ச் முடிவில் 200 கோடிக்கும் கீழே போனது. அந்த மார்ச்சிலேயே பிடி தளர்ந்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. சுமை முன்பே ஏறியிருந்தது. கை எடுத்த பிறகே அது எல்லோருக்கும் தெரிந்தது.

கடற்றொழிலாளர்கள் அதைப் படகிலேயே உணர்ந்தார்கள். 2022 ஆகஸ்டில், படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. ரூபாவின் வீழ்ச்சியோடு உலகச் சந்தை விலையும், அதுவரை விலையைக் குறைத்துவைத்திருந்த மானியத்தின் நீக்கமும் அதில் சேர்ந்திருந்தன.

அமிழும் மிதவையை உயர்த்தச் சுமையைக் குறைக்கலாம், அல்லது இன்னொரு மிதவையைக் கட்டலாம். ரூபாவுக்கும் வழி இவ்விரண்டுதான். இந்தக் கடனீரேரியில் பிடிபடும் நண்டு ஏற்றுமதியாகும்போது, நாட்டின் கயிற்றிலும் ஒரு சிறு மிதவை சேர்கிறது.