‘எனக்கு ஈக்யூ அதிகம்’ என்று நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ள முடியுமா?

‘மற்றவர்களின் உணர்வுகளை என்னால் எளிதில் புரிந்துகொள்ள முடியும்.’ 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கவும்.

அப்ரைசல் சீசனில் ஹெச்.ஆர். அனுப்பும் ஃபார்மில் இப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வீர்கள்? அநேகமாக 4-ஐ டிக் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவீர்கள். 5 போட்டால் ஓவராகத் தெரியும். 3 போட்டால் மேனேஜர் கூப்பிட்டுப் பேசுவார்!

அதே ஃபார்மில் ‘நான் கணக்கில் கெட்டி’ என்று ஒரு வரி இருந்து, அதற்கும் 4 போட்டால்? அதை நம்பி யாரும் அக்கவுன்ட்ஸ் வேலையைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். நாலு கணக்கைக் கொடுத்து, போடச் சொல்லிப் பார்ப்பார்கள். உணர்வு விஷயத்தில் மட்டும் ஏன் நம் வாய்வார்த்தையே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்?

இதற்கான பதில் ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ என்ற சொல்லின் ஃப்ளாஷ்பேக்கில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் இருவரும் 1990-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கோபம், பயம், வருத்தம் எல்லாம் யோசனையைக் கெடுப்பவை மட்டுமல்ல, அவையும் தகவல்கள்தான். அந்தத் தகவலை வைத்துச் சரியாக யோசிப்பது ஒரு மனத்திறன் என்பது அவர்கள் வாதம்.

1995-ல் டேனியல் கோல்மேன் எழுதிய புத்தகம் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. போகிற வழியில் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, நம்பிக்கையான மனசு என்று நல்ல குணங்கள் பலவும் இதே பைக்குள் வந்து விழுந்தன. நல்ல குணங்கள்தான், ஆனால் அவை அறிவு வகையா? ‘இல்லை’ என்று மேயர் தரப்பு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது.

அப்படியானால் அந்தத் திறன் எப்படி இருக்கும்?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எப்போதும் ‘ஓகேங்க, பண்ணிடலாம்’ என்று பதில் போடுபவர், இன்று வெறும் ‘ஓகே’ மட்டும் போடுகிறார். ஏதோ மாறியிருக்கிறது என்று கவனிப்பது ஒரு திறன். அது கோபமா, களைப்பா, நேற்று மீட்டிங்கில் அவர் ஐடியாவை வேறொருவர் தன் ஐடியாவாகப் பேசியதால் வந்த வருத்தமா என்று பிரித்துப் பார்ப்பது இன்னொரு திறன். சொல்ல இடமில்லாத வருத்தம் எரிச்சலாகி, எரிச்சல் கசப்பாகி, ஒருநாள் ராஜினாமா மெயிலாக வந்து நிற்கலாம் என்று ஊகிப்பதும் இதில் சேரும். குரூப்பிலேயே ‘என்னாச்சு?’ என்று கேட்பதா, சாயங்காலம் டீக்கடையில் தனியாகக் கேட்பதா என்று முடிவெடுப்பது, உணர்வைக் கையாளும் திறன்.

பலரும் மறந்துவிடும் ஒன்றும் பட்டியலில் உண்டு: உணர்வை யோசனைக்குப் பயன்படுத்துவது. உற்சாகமாக இருக்கும்போது புது ஐடியாக்கள் வரும். மனசு கொஞ்சம் டல்லாக இருக்கும்போது தப்புகள் கண்ணில் படும். அன்றைக்குப் பார்த்து எக்செல் ஷீட்டைச் சரிபார்க்க உட்கார்பவர் விவரமானவர்.

இந்த நான்கையும் அளக்க மேயர், சாலவே, டேவிட் கருசோ மூவரும் உருவாக்கிய தேர்வு 2002-ல் வெளியானது. 141 கேள்விகள். ‘நீங்கள் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காது. ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, இதில் எந்த உணர்வு எவ்வளவு தெரிகிறது என்று கேட்கும்.

சரியான விடையை யார் முடிவு செய்வது? இங்குதான் சர்ச்சை. ஆயிரக்கணக்கானவர்களின் பதிலையும், உணர்வுகளை ஆராயும் 21 நிபுணர்களின் பதிலையும் வைத்து மதிப்பெண் போட்டார்கள். பெரும்பான்மை சொல்வதே சரி என்றால், எல்லோரும் கோட்டைவிட்டதை ஒருவர் மட்டும் கவனித்திருந்தால் அவருக்கு மார்க் குறையுமே என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும், தனக்குத் தானே டிக் அடிப்பதைவிட இது பல படி மேல்.

இன்னொரு குழப்பத்தையும் இந்தப் பார்வை தீர்க்கிறது. திறன் வேறு, நல்ல மனசு வேறு. போனில் உங்கள் குரலில் பயம் ஏறும் நொடியைப் பிடித்து ஓடிபி கேட்கும் மோசடிக்காரருக்கும் இந்தத் திறன் இருக்கிறது. எல்லோரிடமும் சிரித்துப் பேசும் டீம் லீடுக்கு அது இல்லாமலும் போகலாம்.

சரி, நாம் போட்ட அந்த 4? சுயமதிப்பீட்டு மார்க்குக்கும் இத்தகைய தேர்வின் மார்க்குக்கும் தொடர்பு குறைவு என்றே ஆய்வுகள் காட்டின. 2014-ல் ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பிசினஸ் ஸ்கூல் மாணவர்களிடம் செய்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். தேர்வில் குறைவாக வாங்கியவர்கள்தான் தங்களை மிக அதிகமாக மதிப்பிட்டிருந்தார்கள். மார்க்கைக் காட்டியபோது, ‘இந்த டெஸ்ட்டே சரியில்லை’ என்று அதிகம் சொன்னதும் அவர்கள்தான். இந்தத் திறனை வளர்த்துக்கொள்ள வழி காட்டினால் வேண்டுமா என்று கேட்டபோது, ஆர்வம் குறைவாக இருந்ததும் அவர்களிடம்தான்.