பித்தளை பிளந்த காரணம்

பழப்புளியிட்டு விளக்கிய பித்தளைக் குடம் பொன்போல் ஒளிர்வதை நம் இல்லங்களிற் கண்டிருக்கின்றோம். றைபிள் தோட்டாவின் கூடும் பித்தளையே. தமிழாசிரியனுக்குத் தோட்டாவோடு யாது தொடர்பு என அன்பர்கள் வினவக்கூடும். “உறுதிக்கு இரும்பிருக்கத் தோட்டாவுக்குப் பித்தளை எதற்கு?” என மாணவன் ஒருவன் வகுப்பிற் கேட்டான். அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே ஈண்டுத் தருகின்றேன்.

தோட்டாக் கூட்டுக்குரிய பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்தது. வெடிமருந்து எரியுங்கால் கூடு விரிந்து துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாவண்ணம் அடைக்கின்றது. அமுக்கம் தணிந்ததும் சிறிது சுருங்கி, எளிதில் வெளிவருகின்றது. இதற்கு அடிப்பாகம் வன்மையாயும் கழுத்து மென்மையாயும் இருத்தல் வேண்டும்.

வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்திப் படிப்படியாக நீட்டியே கூட்டினைச் செய்வர். குளிர்நிலையில் நீட்ட நீட்டப் பித்தளை வன்மையுறும். ஆதலின் இடையிடையே காய்ச்சி இளக்குவர். இறுதியிற் கழுத்துப் பக்கத்தை மட்டும் காய்ச்சுவர். புதுக் கூடுகள் சிலவற்றின் கழுத்திற் காணப்படும் நிறமாற்றம் அச்சூட்டின் அடையாளமேயன்றி அழுக்கன்று.

சில நாடுகளில் வேட்டைக்காரரும் குறி பயில்வோரும் சட்டத்துக்கமையத் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்புவர். புதுக் கூடாயினும் அவர் சோதியாது கொள்ளார். கீறலுண்டோ என நோக்கி, நசுங்கிய கழுத்தை வட்டமாக்கி, நீளத்தை ஒப்பாக்கி, வாயின் பிசிறை நீக்குவர். பன்முறை பயன்பட்டு இறுகிய கழுத்தை மீண்டும் காய்ச்சுவாரும் உளர். ஆயின் அச்சூடு அடிப்பாகத்தை எட்டலாகாது. அடி இளகின், சுடும்போது கிழிந்து, கொதிவாயு சுடுபவன் முகத்திலேயே பாயக்கூடும்.

இனி, பித்தளையின் மறைவான பகையொன்றைக் கூறுவேன். பிரித்தானியர் ஆட்சிக் காலத்து இந்தியாவில், மழைக்காலத்திற் குதிரை லாயங்களிற் சேமித்த தோட்டாக்களின் கூடுகள் எவரும் தொடாமலே கீறி உடைந்தன. “பருவ வெடிப்பு” எனப் பெயர் பெற்ற இக்கேட்டின் காரணத்தை 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்னும் ஆய்வாளர் விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்றோடு கூடிச் செம்பை அரிக்கும். நீட்டிச் செய்தபோது கூட்டினுள்ளே தங்கிய இறுக்கம், அரித்த இடத்தைப் பிளக்கும். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தாலன்றிப் பிளவு நேராது.

காரணம் தெரிந்ததும் பரிகாரமும் தெரிந்தது. வன்மை கெடாதவாறு இளஞ்சூட்டிற் காய்ச்சினால் உள்ளிறுக்கம் தணியும். அமோனியா கலந்த துலக்கு நீரையும் கூட்டிற்கு ஆகாதென விலக்குவர்.

புறத்தே ஒளிரும் கூட்டினுள் இறுக்கம் இருப்பது கண்ணுக்குத் தோன்றாது. தகாத காற்றுப் பட்டபோதே அது வெளிப்படும். மாணவர் பலரைக் கண்ட ஆசிரியர்க்கு இஃது உலோகத்துக்கு மட்டும் உரிய செய்தியாகத் தோன்றாது. வேளையறிந்து காட்டும் இளஞ்சூடே இரண்டிற்கும் மருந்தாகும்.