பாரம் கூடினால் பாதை போகும்

தை பிறந்து அறுவடை தொடங்கிவிட்டால் ஊர்ச் சாலைகள் பாரத்தால் நிறைந்துவிடும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர், வைக்கோல் லாரி, ஆலைக்குப் போகும் கரும்பு வண்டி, அறுவடை இயந்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். ஓர் ஆண்டு உழைப்பு முழுவதும் இந்த நாட்களில்தான் களத்தை விட்டுச் சாலைக்கு வருகிறது. சோதனைக்காக வண்டியை நிறுத்துவதும் இந்த நாட்களில்தான் அதிகம்.

அப்படி நிறுத்தப்படும்போது விவசாயிகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. நெல்லை, தென்காசி, திருப்பூர் மாவட்டங்களில் காற்றாலை இறக்கை ஏற்றிய வண்டி சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு போகிறது. ஒரு தெருவின் நீளம் இருக்கிறது அந்த இறக்கை. அதை யாரும் தடுப்பதில்லை. வைக்கோல் இரண்டு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அபராதமா? கேள்வி நியாயமானது. இதற்கான விடையைத் தெரிந்துகொண்டால் சட்டம் என்ன கேட்கிறது என்பதும் விளங்கிவிடும்.

அனுமதியும் அச்சுகளும்

காற்றாலை இறக்கை, பெரிய மின்மாற்றி போன்றவற்றைப் பிரித்து ஏற்ற முடியாது. ஆகவே அவற்றுக்கு முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். எந்தச் சாலை, எந்தப் பாலம் என்று வழி பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும். முன்னும் பின்னும் எச்சரிக்கை வண்டி செல்ல வேண்டும். மிகக் கனமான பொருளை ஏற்றும் வண்டியில் வரிசை வரிசையாக அச்சுகள் இருக்கும். ஒரு வரிசைக்கு எட்டு டயர்கள் வீதம் எடை பகிரப்படுவதால், மொத்த பாரம் பெரிதாக இருந்தாலும் ஒவ்வொரு டயரும் தரையை அழுத்தும் எடை வரம்புக்குள் நிற்கும்.

நெல், கரும்பு, வைக்கோல் ஆகியவை பிரித்து ஏற்றக்கூடியவை. ஒரு நடையில் போவதை இரண்டு நடையாகக் கொண்டு போகலாம். அதனால்தான் இவற்றுக்கு அளவை மீறத் தனி அனுமதி கிடைப்பதில்லை. சாலை பார்ப்பது பொருளின் பெருமையை அல்ல; ஓர் அச்சின் வழியாகத் தன்மேல் இறங்கும் எடையைத்தான்.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள்

ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிலும் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வண்டியின் வெற்று எடை. மற்றொன்று பாரத்தோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய பாரம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, இந்த மொத்த எடையை மீறி வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. ஓட்டக்கூடாது என்பதோடு, ஓட்ட அனுமதிக்கவும் கூடாது என்கிறது. ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே இது நடந்தது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளலாம்.

2018 சூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. முன்பக்கம் இரண்டு டயரும் பின்பக்கம் நான்கு டயரும் உள்ள லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடை 18.5 டன் ஆயிற்று. மூன்று அச்சு லாரிக்கு 25 டன் 28.5 டன் ஆயிற்று. ஆனால் இது உச்ச வரம்பு மட்டுமே. ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு அதன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்தான் கணக்கு. வாடகைக்கு லாரி பேசும்போது, "எத்தனை டன் தாங்கும்?" என்று ஓட்டுநரைக் கேட்பதைவிட ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்ப்பது நல்லது.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பம் 100 ஏற்றினால் 4 டன் என்று நெல்லுக்குக் கணக்குப் போட்டுவிடலாம். கரும்புக்கும் ஈர வைக்கோலுக்கும் அப்படி முடியாது. முதல் நடையை எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டால், அடுத்த நடைகளுக்கு எந்த மட்டம் வரை ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும்.

மிச்சமாவது ஒரு நடை, போவது எவ்வளவு?

2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மொத்த எடையை மீறினால் அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பாரம் வண்டியின் பக்கவாட்டிலோ, முன்னோ பின்னோ, உயரத்திலோ வரம்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், எடை சரியாக இருந்தாலும் 20,000 ரூபாய். நிறுத்தி எடை பார்க்க மறுத்தால் 40,000 ரூபாய்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 36 டன் கரும்பு இருக்கிறது. லாரி 12 டன் ஏற்றும். முறைப்படி ஏற்றினால் மூன்று நடை. 18 டன்னாக ஏற்றினால் இரண்டே நடை. மிச்சம் ஒரு நடை வாடகை. அகப்பட்டுக்கொண்டால் 20,000 ரூபாயும், கூடுதலான 6 டன்னுக்கு 12,000 ரூபாயும் சேர்த்து 32,000 ரூபாய்.

அபராதத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. 114-ஆவது பிரிவின்படி, போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ எடை மேடை இருந்தால் அங்கே வண்டியைக் கொண்டு வரச் சொல்லலாம். எடை கூடுதலாக இருந்தால், கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும் என்று உத்தரவிடலாம். இறக்கும் பொறுப்பும் கூலியும் வண்டிக்காரரைச் சேர்ந்தவை. ஆனால் சாலையோரத்தில் கிடப்பது விவசாயியின் கரும்பு. வெட்டிய கரும்பு நேரம் ஆக ஆக எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். நெல்லாக இருந்து மழை வந்துவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை.

நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால் விவசாயி அதிகம் ஏற்றப் பார்ப்பார். டன்னுக்கு இவ்வளவு என்று பேசினால் லாரிக்காரர் அதிகம் ஏற்றப் பார்ப்பார். எப்படிப் பேசினாலும், ஒரு நடைக்கு எத்தனை டன் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும்.

சாலை போடும் கணக்கு

அபராதத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. அதற்கு ரசீது கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. புதிதாகச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் வெவ்வேறு எடை ஏற்றிய லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்தச் சாலை எப்போது பழுதாகிறது என்று அளந்தார்கள். அதில் தெரிந்த உண்மை வியப்பானது. அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு அல்ல. ஏறக்குறைய 16 மடங்கு. எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் இரண்டு மடங்காகிறது.

மேலே சொன்ன கரும்பு லாரிக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். 12 டன் ஏற்றும்போது பின் அச்சில் 11.5 டன் எடை இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 18 டன் ஏற்றும்போது அது 16 டன்னை எட்டிவிடும். சாலைக்குச் சேதம் நடை ஒன்றுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆக, மூன்று நடையில் மூன்று பங்கு தேய வேண்டிய சாலை, இரண்டே நடையில் ஏழு, எட்டுப் பங்கு தேய்ந்துவிடுகிறது. நடை குறைந்ததால் சாலை தப்பித்தது என்பது தவறான எண்ணம்.

கிராமச் சாலை நெடுஞ்சாலையைப் போலப் பருமனாகப் போடப்படுவதில்லை. வாய்க்கால் கரையில் போகும் சாலையில் அடிமண் எப்போதும் ஈரமாக இருப்பதால் இன்னும் சீக்கிரம் அமுங்கிவிடும். சிறுபாலம் உட்கார்ந்துவிட்டாலோ, வண்டிப் போக்குவரத்தோடு வாய்க்காலில் தண்ணீர்ப் போக்கும் தடைப்படும். மயிலின் இறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். இன்றைய லாரியின் அச்சு தாங்கிக்கொள்கிறது; அடியில் இருக்கும் சாலைதான் முறிகிறது. பள்ளமான சாலைக்கு அடுத்த அறுவடையில் லாரிக்காரர் வர மறுப்பார், அல்லது வாடகையைக் கூட்டிக் கேட்பார். மிச்சப்படுத்திய அந்த ஒரு நடை வாடகை இப்படித்தான் கையை விட்டுப் போகிறது.

அகலமும் உயரமும்

வண்டியின் அகலம் பொதுவாக 2.6 மீட்டருக்கு மேல், அதாவது சுமார் எட்டரை அடிக்கு மேல், இருக்கக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. கிராமச் சாலையின் தார்ப்பகுதி பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம்தான். அறுவடை இயந்திரத்தின் வெட்டுப் பகுதி 14 அடி என்றால் அது சாலையைவிடவே அகலம். எனவே ஊர் விட்டு ஊர் போகும்போது வெட்டுப் பகுதியைக் கழற்றித் தனி வண்டியில் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும். செயின் வகை அறுவடை இயந்திரத்தை லாரியில் ஏற்றியே கொண்டு போக வேண்டும்.

வைக்கோல் பாரத்தில் எடையைவிட உயரமும் அகலமும்தான் ஆபத்து. தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பிடித்தால், வைக்கோலும் போகும், வண்டியும் போகும். மின்சார ரயில் பாதையைக் கடக்கும் கேட்டுகளில் உயர அளவுச் சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான். அங்கே மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. பாரத்தின் மேல் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு போவதை அறவே விட்டுவிட வேண்டும். வைக்கோலைக் கட்டும் இயந்திரத்தால் உருளைக் கட்டுகளாக்கி ஏற்றினால், பாரம் வண்டியின் அளவுக்குள் அடங்கும்.

இரும்புச் சக்கரம் வயலுக்கு மட்டும்

சேறு கலக்கும் கேஜ் வீலைக் கழற்றாமல் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தார்ச்சாலை வழியே போவது பல ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. காற்றடைத்த டயர் இல்லாத மோட்டார் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்று அதே 113-ஆவது பிரிவு கூறுகிறது. இரும்பு விளிம்பு தார்மேல் பதியும் இடத்தில் கீறல் விழுகிறது. மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கிச் சாலையைப் பெயர்க்கிறது. கழற்றி மாட்ட ஆகும் நேரம், சாலையைத் திரும்பப் போடக் காத்திருக்கும் ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

டிராக்டர் ஓட்டுவோர் கவனத்திற்கு

1. சாலைக்கு வருமுன் இடது, வலது பிரேக் பெடல்கள் இரண்டையும் தாழ் போட்டு இணைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் பாரத்தோடு வண்டி புரண்டுவிடும்.

2. பெரும்பாலான டிரெய்லர்களுக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. முழுப் பாரத்தையும் டிராக்டரின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடக்கூடாது.

3. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தை முன்பக்கமே குவித்தால் டிராக்டரின் முன் சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் பிடிக்காது. பின்பக்கமே குவித்தால் டிராக்டரின் பின் சக்கரத்தில் பிடிப்புக் குறையும். பாரம் சீராகப் பரவியிருக்க வேண்டும்.

4. டிரெய்லரின் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும். அதை வைக்கோலும் கரும்புத் தோகையும் மறைக்கக்கூடாது. இருட்டில் விளக்கின்றி நிற்கும் டிரெய்லரில் மோதி உயிர் விடுகிறவர் பெரும்பாலும் இருசக்கர வண்டியில் வரும் ஊர்க்காரர்தான்.

ஊரே கேட்கலாம்

கிராமச் சாலையைக் கெடுப்பது விவசாய வண்டிகள் மட்டுமல்ல. ஜல்லியும் மண்ணும் ஏற்றிய டிப்பர் லாரிகள் நெடுஞ்சாலைச் சோதனைக்குத் தப்பி ஊருக்குள் புகுவதுண்டு. சட்டத்தின் 115-ஆவது பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது. பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டோ, சாலை அல்லது பாலத்தின் நிலையைக் கருதியோ, குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வண்டிகளை அரசு தடை செய்யலாம், கட்டுப்படுத்தலாம். அதற்கான பலகையும் வைக்க வேண்டும். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். எந்தச் சாலை, எந்தச் சிறுபாலம், எந்த நேரத்தில் எவ்வகை வண்டி என்று தெளிவாக எழுதுவது பயன் தரும்.

அப்படிக் கேட்கும் ஊர், தன் கரும்பு வண்டியும் அளவோடு போகிறது என்று சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த மனுவுக்கு வலு இருக்கும். நல்ல சாலை இருக்கும் ஊருக்கே வியாபாரி களம் வரை வந்து நெல் எடுப்பார். அந்தச் சாலையைக் காப்பது விளைச்சலைக் காப்பதற்குச் சமம்.