‘லெகோ’ லத்தீன் பெயரா? தேதியைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்!

லத்தீனில் ‘லெகோ’ என்றால் ‘சேர்க்கிறேன்’. பிளாக்கை அடுக்கி விளையாடும் பொம்மைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்குமா? கேட்டவர்கள் பலரும் அப்படியே நம்பிட்டாங்க. அர்த்தம் ஓரளவு சரிதான். ஆனா பெயர் அங்கிருந்து வரலை.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். சில வருஷம் கழித்துப் பெயர் வைக்க ஊழியர்களிடம் போட்டி வைத்தார். பரிசு, அவரே வீட்டில் தயாரித்த ஒயின் ஒரு பாட்டில். கடைசியில் ஜெயித்தது அவர் சொன்ன பெயர்தான் (பாட்டிலை யார் குடிச்சாங்களோ!). டேனிஷ் மொழியில் ‘லெக் கோட்’ என்றால் ‘நல்லா விளையாடு’. இரண்டு சொற்களின் தொடக்கத்தையும் சேர்த்தால் லெகோ. அப்போது அவர் விற்றது மர வாத்தும் மர வண்டியும். ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் பிளாக் 1949-ல்தான் வந்தது. அப்புறம் எப்படி ‘சேர்க்கிறேன்’ என்று யோசித்துப் பெயர் வைத்திருக்க முடியும்? லத்தீன் பொருத்தத்தைப் பிறகுதான் கவனித்தார்கள்.

இந்தப் பெயருக்கு இன்று மதிப்பு அதிகம். 1958-ல் விண்ணப்பித்த பிளாக் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. பிளாக்கின் வடிவத்தையே டிரேட்மார்க் ஆக்க கம்பெனி முயன்றது. கனடா உச்ச நீதிமன்றம் 2005-லும், ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் 2010-லும் ஏற்கலை. மாட்டுவதற்காகவே அமைந்த வடிவத்தை டிரேட்மார்க் வழியாக ஒருவரே காலத்துக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்பது காரணம். அதனால் லெகோவுடன் பொருந்தும் பிளாக்கை வேறு கம்பெனியும் விற்கலாம். பெட்டியில் ‘லெகோ’ன்னு மட்டும் போட முடியாது.