அரிசியை இழுக்காத அனுமன் காசு

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ஆலைகளில் டை, பிரஸ், வார்ப்பு என்று நாள் முழுக்கப் புழங்குகிறவர் பழங்காசு சேர்க்க இறங்கினால் அவருக்கு ஒரு வசதி உண்டு. டையில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். வார்த்த போலிக் காசில் ஓரம் மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசித்துளைகள் தெரியும். விளிம்பில் அச்சின் இரு பாதியும் சேர்ந்த கோட்டை அரத்தால் ராவி மறைத்திருப்பார்கள். அசல் 1835 கம்பெனி ரூபாய் 11.66 கிராம். நகைத் தராசில் வைத்தால் பாதிப் பொய் அங்கேயே வெளுத்துவிடும்.

மறு அச்சு வேறு சங்கதி. நாணயச்சாலையே பழைய தேதியில் பின்னாளில் அடித்துத் தருவது அது. 1780 என்ற தேதி தாங்கிய மரியா தெரசா வெள்ளிக்காசு 1940-41இல் பம்பாயில்கூட அடிக்கப்பட்டது. அதில் ஏமாற்று இல்லை.

ஏமாற்று, செம்பில் வரும் அனுமன் காசில் இருக்கிறது. ஒரு பக்கம் அனுமன் அல்லது ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1616 அல்லது 1818. கம்பெனி செம்பில் ஒரு அணா வெளியிட்டதே கிடையாது. 1616இல் மதராஸில் அதற்கு ஒரு சாண் நிலமும் இல்லை, 1639இல்தான் கிடைத்தது. (சாமி உருவமே போடாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸில் அடித்த வெள்ளி அரை வராகனில் கோபுரமும் பெருமாளும் உண்டு.)

இந்த அனுமனை வைத்தும், அரிசியை இழுக்கும் அதிசய சக்தி இதற்கு உண்டு என்று சொல்லி, ‘ரைஸ் புல்லிங்’ வியாபாரம் நடக்கிறது. அரிசியில் இரும்புத்தூளைத் தடவிக் காந்தத்தை ஒளித்துவைத்தால் எந்தத் தகடும் அரிசியை இழுக்கும். கோடிக்கு விலைபோகும் என்று நம்பி முன்பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்!

அசல் எட்டாத விலையில் இருக்கும்போது சம்பளக்காரர் நகலை வாங்கிப் பார்த்து மகிழ்வதில் என்ன தப்பு என்பார்கள். தப்பில்லைதான். ஆனால் அது நகல் என்று வாங்கிய அப்பாவுக்குத் தெரியும். அவர் காலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்குத் தெரியுமா? அவன் அசலென்று நம்பி விற்பான், இல்லை அரிசிக்காரனிடம் மாட்டுவான். எனக்குக் கவலையெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் 1973இலேயே நகல் காசில் நகல் என்று பொறிக்கச் சட்டம் போட்டார்கள். இங்கே நகல் செய்கிறவர்களும் ஓரமாக ஒரு பஞ்ச் அடித்துவிடலாம், செலவு ஒன்றுமில்லை. அதுவரை வாங்குகிறவர்களே, காசு வைக்கும் உறையின் மேல் இன்றைக்கே எழுதி வையுங்கள்: நகல், வாங்கிய வருடம், கொடுத்த விலை.