காலை ஆறரை மணிக்கு எத்தனை ஆம்பியர்?

தனி வீடு கட்டுபவர்கள் டைல்ஸுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். மின் இணைப்பை மட்டும் வயர்மேன் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். சுவருக்குள் பைப் பதிக்கும் முன்பே, வீட்டுக்காரரும் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு அது.

முதலில் வாட்ஸ். ஒன்றரை டன் ஏசி இரண்டுக்கு 3,200, கீசர் 2,000, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, ஒரு எச்.பி. மோட்டார் 1,100, மிக்ஸி 750, வாஷிங் மெஷின் 500, ஃபேன், லைட், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 900 என்று வையுங்கள். கூட்டினால் 10,450 வாட்ஸ். தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸுக்கு வழக்கமான எல்லை 4 கிலோவாட். ஆகவே இந்த வீட்டுக்கு த்ரீ பேஸ்தான்.

ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. எந்த நேரத்தில் எவை சேர்ந்து ஓடும் என்பதில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது. சித்திரை இரவில் இரண்டு ஏசியும் மற்ற சில்லறைகளும் ஓடினால் 4,100 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் 18 ஆம்பியர். மார்கழிக் காலை ஆறரை மணியைப் பாருங்கள். கீசர் சுடுகிறது, மோட்டார் தொட்டியை நிரப்புகிறது, அடுப்பில் இட்லி, மிக்ஸியில் சட்னி. ஃபிரிட்ஜும் விளக்குகளும் சேர்ந்தால் 6,350 வாட்ஸ், ஏறக்குறைய 28 ஆம்பியர். எல்லோரும் ஏசிக்குப் பயப்படுகிறோம். இந்த வீட்டில் பாரம் ஏறுவது காலையில்தான். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது தன் வழக்கமான அளவைப் போல் பல மடங்கு இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

த்ரீ பேஸ் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கீசர், அடுப்பு, மோட்டார் மூன்றையும் ஒரே பேஸில் கொடுத்தால் அந்த ஒரு வயரில் மட்டும் 22 ஆம்பியர் ஓடும். மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். கீசரை ஒன்றிலும், அடுப்பை இன்னொன்றிலும், மோட்டாரையும் மிக்ஸியையும் மூன்றாவதிலும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எட்டு, ஒன்பது ஆம்பியர்தான். எது எந்தப் பேஸில் என்று வயர்மேனிடம் எழுதி வாங்கி, போர்டுக்குள் ஒட்டிவையுங்கள். நியூட்ரல் இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது அறுந்தால் பாரம் குறைந்த பேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி எகிறி, டிவியும் ஃபிரிட்ஜும் கருகிவிடும்.

மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் ஒன்று, சிங்கிள் பேஸில் தனியாகவே 31 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். போர்ட்டிகோ வரை அதற்கென்று தனி பைப்பைப் பூச்சு வேலைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.