ஒரு பக்கத்துக் காது

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில் ஒரு காது கேளாத ஒருவரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமலே பதில் வரும். 2009 தை மாதம் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் சனம் கிழக்கே நகர்ந்த போர் நாட்களில் பக்கத்தில் செல் விழுந்தது என்பார். இல்லையென்றால் இருபது வருடமாக உழவு இயந்திரம் ஓட்டியது, சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தது என்பார். எல்லாமே நம்பக்கூடிய காரணங்கள். பெரும்பாலும் உண்மையும் அவைதான். காரணம் ஏற்கெனவே கையில் இருப்பதால் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை: அன்று கெட்ட காது இன்றும் அப்படியே இருக்கிறதா, அல்லது வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறதா?

வெடிச்சத்தத்தால் கெடும் காது அந்த நேரத்திலேயே கெடும். பிறகு கொஞ்சம் தேறலாம், அல்லது அப்படியே நிற்கலாம். இயந்திர இரைச்சல் பொதுவாக இரண்டு காதையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தின்னும். வேறு எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மங்கினால், அந்தக் காதிலேயே ஓயாத இரைச்சலும் இருந்தால், அதற்குச் செல்லைக் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. அபூர்வமாக, அதன் பின்னால் காது நரம்பில் வளரும் கட்டி ஒன்று இருக்கும்.

அபூர்வம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உலகக் கணக்கில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர், இருவரிடமே இது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. கிளிநொச்சி மாவட்டத்தின் சனத்தொகை ஒரு லட்சத்துக்கு மேல். அப்படியானால் முழு மாவட்டத்துக்கும் வருடத்தில் ஒருவரோ இருவரோ. இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு ஊரே ஸ்கானுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒருவர் எந்த வருடம் வைத்தியரிடம் போகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது புற்றுநோய் அல்ல. நரம்பைச் சுற்றி உறை போடும் ஷ்வான் கலங்களிலிருந்து எழும் கட்டி. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. மெர்லின் என்ற புரதத்துக்கான மரபணு, 22ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பது, பழுதாகும்போது அந்தக் கலங்கள் தங்கள் அடக்கத்தை இழக்கின்றன. இரண்டு காது நரம்பிலும் கட்டி வந்தால் அது என்.எப்.2 என்ற பரம்பரை நோய். ஒரு பக்கம் மட்டும் வருவதே மிகப் பெரும்பான்மை, அது பரம்பரையாக வருவதல்ல. இன்னொரு விசித்திரம், கட்டி பொதுவாக முளைப்பது கேட்கும் நரம்பில் அல்ல, அதோடு ஒட்டியோடும் சமநிலை நரம்பில். ஒரு சென்ரிமீற்றர் அளவு நீளமான எலும்புக் குழாய்க்குள் இரண்டும் நெருக்கிக்கொண்டு போவதால் கேட்கும் நரம்பும் சேர்ந்து நசுங்குகிறது.

முதலில் தெரிவது சத்தம் குறைவதல்ல, சொல் பிடிபடாமல் போவது. ரெலிபோனை அந்தக் காதில் வைத்தால் குரல் கேட்கும், கதை விளங்காது. கை தானாகவே மற்றக் காதுக்கு மாற்றிவிடும். சமநிலையோ இன்னும் தந்திரமாகப் போகிறது. நரம்பு மெதுவாகச் செயலிழப்பதால் மற்றப் பக்கத்தை வைத்து மூளை ஈடுசெய்துவிடும். பெரிய தலைச்சுற்று வராது. இரவில் வயல் வரம்பில் நடக்கும்போதும், கிணற்றடியில் கண்ணை மூடித் தலைக்கு ஊற்றும்போதும் ஆள் கொஞ்சம் சரிவார். கண் துணை நிற்காத இடங்களில்தான் குறை வெளியே தெரிகிறது. வயது போகுது என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

சராசரியாக வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வளரும். சில கட்டிகள் வருடக்கணக்கில் வளராமலே கிடக்கும். சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டால் வருடம் ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருந்தாலே பலருக்குப் போதும், அல்லது காமா நைஃப் கதிர்வீச்சு. அந்த முறையை உருவாக்கிய லார்ஸ் லெக்செல் 1969இல் ஸ்ரொக்ஹோமில் இந்தக் கட்டிக்கு அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார். ஆனால் கட்டி எலும்புக் குழாயைவிட்டு வெளியே வந்து, சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையிலுள்ள மூலையை நிரப்பி, 3 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டால் கதை வேறு. கன்னம் மரக்கும். நடை தள்ளாடும். மூளை முண்ணாண் பாய்மம் ஓடும் வழி அடைபட்டு, காலையில் தலையிடியும் வாந்தியும் வரும். பார்வை மங்கும். கண்ணாடி மாற்றலாமென்று கண் கிளினிக்குக்கு வருபவரின் கண்ணுக்குள் பார்வை நரம்பு வீங்கியிருப்பதைப் பார்த்து, அங்கிருந்து தலை ஸ்கானுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. காதில் தொடங்கியது கண்ணில் கண்டுபிடிக்கப்படும்.

இந்தியாவில் வெளியான சத்திரசிகிச்சைத் தொகுப்புகளிலும் பெரிய கட்டியோடு வருபவர்களே அதிகம். மேற்கு நாடுகளில் இன்று 1 சென்ரிமீற்றர் கட்டியை என்ன செய்வதென்று விவாதம் நடக்கிறது. நம் பக்கத்துச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குக் கைவந்த கலை பெரிய கட்டிதான். பெருமைப்படக்கூடிய திறமை, கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரணத்தால் வந்தது.

நூறு வருடத்துக்கு முன் இந்தச் சத்திரசிகிச்சை கிட்டத்தட்ட மரண தண்டனை. 1894இல் லண்டனில் சார்ல்ஸ் பலன்ஸ் இந்த மூலையிலிருந்து ஒரு கட்டியை விரலை விட்டே பெயர்த்தெடுத்தார். நோயாளி பிழைத்தார், ஆனால் ஒரு கண்ணை அகற்ற வேண்டி வந்தது. அடுத்த வருடம் எடின்பரோவில் தோமஸ் அனன்டேல் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கட்டியை எடுத்தார், தாயும் பிள்ளையும் தப்பினர். அவை விதிவிலக்குகள். 1913 அளவில் ஐரோப்பாவின் பெயர்பெற்ற கைகளிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான நோயாளிகள் இறந்தார்கள். விரல் கட்டியை மட்டும் பெயர்க்கவில்லை, மூளைத்தண்டுக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு நாடியையும் அறுத்தது. அந்த நாடிதான் காரணம் என்று அட்கின்சன் என்ற ஆய்வாளர் தெளிவாகக் காட்டியது 1949இல்.

அமெரிக்காவில் ஹார்வி குஷிங் 1917இல் இந்தக் கட்டிக்கென்றே ஒரு நூல் எழுதினார். கட்டியை முழுதாக இழுக்காமல் உறைக்குள்ளிருந்து தோண்டிக் குறைத்துவிட்டு வெளியே வருவது அவர் வழி. இறப்பு ஐந்தில் ஒன்று அளவுக்குக் குறைந்தது, ஆனால் மிச்சம் மீண்டும் வளர்ந்தது. அவரது மாணவப் பரம்பரையில் வந்த வோல்டர் டான்டி, உள்ளே தோண்டிய பின் உறையையும் எடுத்துவிட வேண்டுமென்றார். குஷிங்குக்கு அது பிடிக்கவில்லை. இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. 1960களில் லொஸ் ஏஞ்சல்சில் காது வைத்தியரான வில்லியம் ஹவுஸ், நுணுக்குக்காட்டியையும் பல் வைத்தியரின் துளைகருவி போன்றதையும் கொண்டு உட்காது வழியாக உள்ளே போனபோதுதான் கட்டியோடு ஒட்டியோடும் முகநரம்பைக் காப்பாற்றுவது நடைமுறைச் சாத்தியமானது. அவர் முதலில் படித்தது பல் வைத்தியம் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

இன்று பெரிய கட்டிகளுக்குப் பலர் தேர்வது காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு சாளரம் திறக்கும் வழி. முதலில் பாய்மத்தை வடியவிடுவார்கள். சிறுமூளை தானே தளர்ந்து வழிவிடும், அதை இழுத்துப் பிடிக்கத் தேவை குறையும். கட்டியின் முதுகை மின்தூண்டியால் தொட்டுப் பார்ப்பார்கள். முகத் தசை அசையவில்லை என்றால் அங்கே முகநரம்பு இல்லை, வெட்டலாம். பிறகு கேளா ஒலிக் கருவியால் உள்ளே இருப்பதை நொருக்கி உறிஞ்சுவார்கள். உறை தளர்ந்து உள்ளே மடியும்போது மூளைத்தண்டிலிருந்தும் நாடிகளிலிருந்தும் மெல்ல விலக்குவார்கள். ஆறு மணித்தியாலம், பத்து மணித்தியாலம் என்று போவது இந்த விலக்கலில்தான். பெரிய கட்டியில் முகநரம்பு பெரும்பாலும் கட்டிக்கு முன்பக்கம் தள்ளப்பட்டு, பரந்து, ஈரக் கடதாசி அளவுக்கு மெலிந்திருக்கும். நுணுக்குக்காட்டிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மின்தூண்டிதான் காட்டிக்கொடுக்கும்.

கேள்விப்புலன் இந்த அளவில் பெரும்பாலும் திரும்புவதில்லை. அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும். காது கேட்கத்தான் ஒப்பரேஷன் என்று நினைத்து வருபவர்கள் இருப்பார்கள். முதலில் காப்பது உயிரையும் மூளைத்தண்டையும், அடுத்தது முகத்தை.

முகம் என்றால் அழகு மட்டுமல்ல. முகநரம்பு செயலிழந்தால் அந்தப் பக்கக் கண் மூடாது. கட்டி ஏற்கெனவே கன்னத்தின் உணர்வு நரம்பையும் நசுக்கியிருந்தால் கண்மணியில் தூசி விழுந்ததும் தெரியாது. பலன்ஸின் நோயாளி கண்ணை இழந்தது இந்த இரண்டும் சேர்ந்து வந்ததால்தான். சூடடிப்புக் காலத்தில் நெற்சுணையும் தூசியும் பறக்கும் இரணைமடு வாய்க்கால் ஊர்களில் இப்படியான கண்ணுக்கு ஒரு பருவமே போதும். ஆகவே பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் களிம்பும் மூடியும், தேவையானால் இமைகளைப் பகுதியாகத் தைத்துவிடுவது. தைப்பதென்றதும் பயப்படுகிறார்கள். பார்வையைக் காப்பது அதுதான், நரம்பு தேறியதும் பிரித்துவிடலாம். நரம்பு அறுபடாமல் நீண்டு மட்டும் போயிருந்தால் மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும்.

அதனால்தான் இன்று பல நிபுணர்கள் முகநரம்பிலோ மூளைத்தண்டிலோ ஒட்டிய மெல்லிய துண்டொன்றை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். டான்டி ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். குஷிங்கிடம் இல்லாதது எம்.ஆர்.ஐ.யும் கதிர்வீச்சும். மிச்சம் வளர்கிறதா என்று பார்க்கவும், வளர்ந்தால் அடக்கவும் இப்போது முடியும். என் கணக்கில் இது தோல்வி அல்ல, நல்ல பேரம்.

ஆனால் பேரத்தின் மறுபாதி நோயாளியிடம் இருக்கிறது. அந்தத் துண்டு வளர்ந்ததா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். வீட்டுக்கு வந்து முகம் நேராகி, வயலுக்குப் போகத் தொடங்கியதும் ஏ9 வீதியால் மறுபடி பஸ் ஏறிக் கிளினிக் போவது வீண் அலைச்சலாகத் தோன்றும். போகத்தான் வேண்டும். போகும்போது கிளினிக் கொப்பியோடு சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம் இரண்டின் சீடியையும் கொண்டுபோக வேண்டும்.